வெள்ளை அட்டை

ஏனுங் கண்ணு, பேனா இருக்குங்களா? ஒரு கையெழுத்துப் போடோணும். என்ற பேனாவை வாசல்லயே வாங்கி வெச்சுட்டாங்க. நூலகத்துக்குள்ள பென்சிலைத் தவிர எதுவும் ஆகாதுங்கறாங்க, பழைய காயிதத்துல மை பட்டுட்டா போச்சாமா. சரி, அது அவங்க சட்டம். ஆனா இந்தப் படிவத்துக்கு மட்டும் பேனாதான் வேணுமாமா. வாங்கி வெச்ச ஆளு சாப்பிடப் போயிட்டாரு.

இருங்க, இருங்க, இப்பவே குடுக்க வேண்டாம். மணி ஒண்ணுதான ஆவுது? ரெண்டுக்குத்தான் மறுக்கா தெறப்பாங்க. நீங்க இந்த மர நெழல்லயே டப்பாவைத் தெறந்து சாப்பிடுங்க. எனக்கு வேண்டாமுங்க. இன்னைக்கு எறங்காது.

நீங்க என்ன ஆராய்ச்சிங்க? கைத்தறிங்களா? நல்லது, நல்லது. அப்ப எங்க தலைவரு உங்களுக்கும் வருவாரு. முத்துவேலப்பன். சோசலிஸ்ட் முத்துவேலப்பன்னு சொன்னாத்தான் எங்க பக்கத்துல தெரியும். கேள்விப்பட்டிருக்கீங்களா? இல்லையா? போச்சு போங்க. ஒரு காலத்துல பல்லடத்துல இருந்து தாராபுரம் வரைக்கும் தறி ஓடற ஊடு ஒண்ணு உடாம அவரு காலடி பட்டிருக்கு. மூணு வாட்டி எலக்சன்ல நின்னாரு, ஒரு வாட்டி செயிச்சாரு. "உலையில சோறும் வேணும், ஓட்டுப் பெட்டியும் வேணும், ஒண்ணை வாங்கறதுக்கு இன்னொண்ணை விக்கக் கூடாது"ம்பாரு. அதனால காங்கிரஸ்காரனும் திட்டுவான், கம்யூனிஸ்ட்காரனும் திட்டுவான். ரெண்டு பேருக்கும் சிரிச்சுட்டே வணக்கம் வெப்பாரு. அப்படி ஒரு மனுசன்.

அவருகூட பதினாலு வருசம் இருந்தவன் நானு. சும்மா கூட்டத்துல நின்னு கைதட்டினவன்னு நெனைச்சுக்காதீங்க. அவரு பையைத் தூக்கினவன் நானு. மைக் புடிச்சுட்டு ஊரு ஊராப் போனவன் நானு. அவருக்கு மூச்சு இழுப்பு வந்தா முதுகைத் தேச்சு உட்டவன் நானு. எந்த ஊட்டுல மோரு குடிப்பாரு, எந்த ஊட்டுல தண்ணிகூடத் தொடமாட்டாருன்னு அவரு சம்சாரத்துக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். நான் இல்லாம அவரு கூட்டத்துக்குக் கெளம்ப மாட்டாரு. அவ்வளவு நெருக்கம்.

சரி, விசயத்துக்கு வாறேன். நீங்க சாப்பிடுங்க.

தொண்ணூத்தி நாலுல ஒரு பேராசிரியர் எங்க ஊட்டுக்கு வந்தாரு. இரத்தினசபாபதின்னு பேரு. தலைவரோட வரலாறு எழுதப் போறனுங்க, நீங்க இல்லாம அந்தப் புஸ்தகம் இல்லீங்கன்னாரு. அவரு வாயாலயே சொன்னாரு கண்ணு. எங்க ஊட்டுத் திண்ணையில உக்காந்துட்டுச் சொன்னாரு. பதினாலு நாளு வந்தாரு. ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை. ஒரு டேப் ரெக்கார்டரு, ஒரு தோல் பை. என்ற சம்சாரம் வாராவாரம் கோழி அடிச்சா. அவருக்குக் காரம் ஆகாதுன்னு தனியா ஒரு சட்டியில குழம்பு. அவ ஊட்டுக்கு வர்ற ஒறம்பரை சொந்தத்துக்குக்கூட அப்படி வெச்சவ இல்ல.

அவரு வேலை செய்யற விதமே தனி. இந்த வாரம் நான் சொன்னதை அடுத்த வாரம் டைப் அடிச்சுக் கொண்டாருவாரு. ஒரு வரி உடாமப் படிச்சுக் காட்டுவாரு. "படிக்கக் கேட்டேன், சரி"ன்னு ஒவ்வொரு பக்கத்துக்குக் கீழயும் என்னைக் கையெழுத்துப் போடச் சொல்லுவாரு. அதுக்கப்பறம் அட்டை. கையகலத்துக்கு அட்டை வெட்டி வெச்சிருப்பாரு. மஞ்சள் ஒண்ணு, வெள்ளை ஒண்ணு. ஒருத்தர் மட்டும் சொன்னது மஞ்சள்ல ஏறும். அதையே இன்னொருத்தரும் வேற எடத்துல இருந்து சொல்லிட்டாருன்னா வெள்ளைக்கு மாறும். வெள்ளையில இருக்கறதுதான் புஸ்தகத்துக்குப் போவும். மஞ்சள் பெட்டியிலயே கெடக்கும். "ரெண்டு பேர் சொல்லோணுமுங்க ஆறுச்சாமி, சாமியே வந்து சொன்னாலும் ரெண்டு சாமி வேணும்"பாரு. நானும் சிரிச்சேன். சிரிக்க வேண்டிய விசயம் இல்லைன்னு அன்னைக்குத் தெரியல.

தொண்ணூத்தி ஆறுல தலைவரு போயிட்டாரு. தொண்ணூத்தி எட்டுல புஸ்தகம் வந்துச்சு. கோயமுத்தூர்ல வெளியீட்டு விழா. புதுச் சட்டை எடுத்துட்டுப் போனேன். மூணாவது வரிசையில உக்காந்தேன். மேடைக்குக் கூப்பிடுவாங்கன்னு துண்டைக்கூட மடிச்சுத் தோள்ல சரியாப் போட்டுட்டு உக்காந்திருந்தேன். கூப்புடல. சரி, கூட்டம் அதிகம், மறந்துட்டாருன்னு நெனைச்சேன். புஸ்தகத்தை வாங்கிட்டு வெளிய வந்து, கடைசிப் பக்கங்கள்ல பேரெல்லாம் வரிசையாப் போட்டிருப்பாங்கல்ல, அதைப் பிரிச்சேன். ஆறுமுகம் இருக்கு. ஆனைமலை இருக்கு. ஆறுச்சாமி இல்ல.

நானூத்திப் பன்னெண்டு பக்கம் கண்ணு. தலைவரு வளத்த நாயி பேரு இருக்கு. மணின்னு. நூத்தி அறுபத்தி மூணாம் பக்கம். அந்த நாயைக் குளிப்பாட்டினவன் நானு!

பஸ்ஸுல வாறப்ப முழுக்கத் தேடினேன். ஒரு எடத்துல இல்ல. மைக் புடிச்சவன்னுகூட இல்ல. ஊட்டுக்கு வந்து புஸ்தகத்தைத் தூக்கிப் பரண்ல எறிஞ்சேன். என்ற சம்சாரம், "உடுங்க, பெரிய மனுசங்க சாவகாசமே அப்படித்தான்"னா. எப்படி உடறது? பதினாலு கோழி!

பேராசிரியருக்கு லெட்டரு போட்டேன். மூணு போட்டேன். மூணாவதுக்குப் பதில் வந்துச்சு. "தங்கள் மனம் புண்பட்டதற்கு வருந்துகிறேன். காரணம் சொல்லும் உரிமை எனக்கில்லை." அவ்வளவுதான். உரிமை இல்லையாமா! எங்க ஊட்டுல கோழி திங்கறதுக்கு உரிமை இருந்துச்சு. இப்படி ஒரு துரோகத்தை நான் என்ற பங்காளிககிட்டகூடப் பாத்ததில்ல.

அப்பறம் அவரும் போயிட்டாரு. அவரு மக அந்தப் பெட்டிகளை எல்லாம் இந்த நூலகத்துக்குக் குடுத்துட்டா. அது எனக்குத் தெரியாது. என்ற பேத்திதான் கண்டுபுடிச்சு சொன்னா. காலேஜ்ல ரெண்டாவது வருசம் படிக்கறா, பூங்கொடின்னு பேரு, உங்களாட்டமே கண்ணாடி போட்டிருப்பா. அவளுக்குச் சின்னதுல இருந்து தலைவரு கதையைச் சொல்லித்தான் சோறு ஊட்டினேன். போன மாசம் பரண்ல இருந்து அந்தப் புஸ்தகத்தை எடுத்துப் படிச்சிருக்கறா. படிச்சுட்டு வந்து, மெதுவாத்தான் கேட்டா, "தாத்தா, நீங்க சொன்னதெல்லாம் நெசந்தானுங்களா? உங்க பேரே இல்லீங்களே"ன்னா.

கண்ணு, எனக்கு எழுபத்தெட்டு வயசாச்சு. நெஞ்சு வலி வந்திருக்கு, கண்ணுல ஆப்பரேசன் பண்ணியிருக்கு. அந்தப் புள்ள கேட்டது மாதிரி ஒண்ணு வலிச்சதில்ல. பொய் சொல்றவன்னு நெனைச்சுட்டா பாருங்க. வாயைத் தொறந்து சொல்லல, ஆனா நெனைச்சுட்டா. அன்னைக்கே சொன்னேன், "இரு சாமி, உங்க தாத்தன் யாருன்னு எழுத்துல காட்டறேன்"னு.

அதுக்குத்தான் இன்னைக்குக் காலைல வந்தேன். உள்ள இருக்கற அந்த நூலகர் அம்மா, தமயந்தின்னு பேராமா, நெம்ப நல்ல புள்ள. ஒரு பெட்டியைக் கொண்டாந்து வெச்சுது. நான் சொல்லி அவரு எழுதின பதினாலு கட்டும் இருக்கு. என்ற கையெழுத்து ஒவ்வொரு பக்கத்துலயும் இருக்கு. பாத்ததும் சந்தோசமாப் போச்சு. அப்பறம் அட்டைப் பெட்டியைத் தெறந்தேன்.

எல்லாம் மஞ்சள்.

எலக்சன்ல செயிச்ச அன்னைக்குத் தலைவரு என்னைக் கட்டிப் புடிச்சது மஞ்சள். மில்லுக்காரன் ஆளுகளை நான் ஒத்தையில தடுத்தது மஞ்சள். "ஆறுச்சாமி இல்லாட்டி நான் இல்லை"ன்னு அவரு சொன்னது மஞ்சள். ஒரு ஓரத்துல பேராசிரியரு பொடி எழுத்துல எழுதியிருக்கறாரு: "வேறு எவரும் சொல்லவில்லை." அடப்பாவி! ஊட்டுக்குள்ள நடந்ததை எவன் வந்து சொல்லுவான்?

எழுபது எம்பது அட்டை. புரட்டிட்டே வாறேன். நடுவால ஒண்ணே ஒண்ணு வெள்ளை.

இருங்க, தண்ணி குடிச்சுக்கறேன்.

அந்த வெள்ளை அட்டையில இருக்கறது எழுபத்தாறுல நடந்தது. எமர்ஜென்சி. சென்னையில ஆட்சியைக் கலைச்சதுக்கு அப்பறம் எங்க பக்கமும் ஆளுகளைப் புடிக்க ஆரம்பிச்சுட்டாங்க. தலைவரு தலைமறைவாயிட்டாரு. எங்கன்னு கட்சியில நாலு பேருக்குத்தான் தெரியும். அந்த நாலுல நான் ஒருத்தன். தாராபுரத்துக்கு அக்கட்டால, சென்னியப்ப வாத்தியார்னு ஒருத்தரோட தோட்டத்துச் சாளைக் குடிசையில இருந்தாரு. இழுப்புக்கு ஊதற மருந்து ஒண்ணு வேணும் அவருக்கு. அந்தக் காலத்துல அது லேசுல கெடைக்காது, தாராபுரத்துல ஒரே ஒரு மருந்துக் கடையில இருந்துச்சு. நான் போயி வாங்கி வாத்தியாரு கையில குடுத்துட்டு வருவேன்.

பல்லடத்துல டீக்கடையில உக்காந்திருந்தேன். ஒருத்தன் வந்து பக்கத்துல உக்காந்தான். சட்டை வேட்டிதான். ஆனா போலீஸ்னு எனக்குத் தெரியும், காலைப் பாத்தாலே தெரியாதா, வேட்டிக்குக் கீழ பூட்ஸ் போட்டிருக்கறான் மடையன். நான் பயப்படல. அவன் டீயை ஊதிட்டே சொல்றான், "உங்களுக்கு எங்கீங்க தெரியப் போவுது, நீங்க மைக் செட் ஆளு. பெரியவங்க இதெல்லாம் உங்ககிட்டயா சொல்லுவாங்க"ன்னான்.

பத்துப் பேரு இருக்கற கடையில சொல்றான் கண்ணு. மைக் செட் ஆளாமா! எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. "யாருக்குத் தெரியாது? போன திங்கக்கெழமை தாராபுரத்துல அவருக்கு மருந்து வாங்கி வாத்தியாரு கையில குடுத்துட்டு வந்தவன் நானாக்கும்"னேன். அவ்வளவுதான் சொன்னேன். வாத்தியாரு பேரைச் சொன்னனா? இல்ல. தோட்டத்தைச் சொன்னனா? இல்ல. தாராபுரத்துல வாத்தியாருக எத்தனை பேரு இருக்கறாங்க! எங்க கட்சியில இருந்த வாத்தியாரு ஒருத்தருதான்னு அவன் கண்டுபுடிச்சா அதுக்கு நான் என்ன பண்றது?

மூணாம் நாளு புடிச்சுட்டாங்க. தலைவரு பதினோரு மாசம் உள்ள இருந்தாரு. போனப்ப முழு ஆளு, வந்தப்ப பாதி ஆளு. வாத்தியாருக்கு வேலை போச்சு. அடிச்சதுல ஒரு காது கேக்காமப் போச்சு. எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனா ஒண்ணு சொல்றேன், காட்டிக் குடுக்கறதுங்கறது வேற. காட்டிக் குடுக்கறவன் காசுக்குப் பண்ணுவான், இல்லாட்டி அடிக்குப் பயந்து பண்ணுவான். என்னை எவனும் அடிக்கல. நான் ஒரு பைசா வாங்கல.

இதைப் பேராசிரியருகிட்ட நானேதான் சொன்னேன். ஒம்பதாவது ஞாயித்துக்கெழமை. போலீஸ்காரன் முன்னாடி எப்படித் தைரியமாப் பேசினேன்னு சொல்றதுக்குத்தான் சொன்னேன். அவரு டேப்பை நிறுத்திட்டாரு. "இதை வேற யாருகிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?"ன்னாரு. இல்லீங்க, உங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன்னேன். அன்னைக்கு அவரு சரியாச் சாப்பிடல. கோழிக் காலு ரெண்டும் அப்படியே கெடந்துச்சு. நான் என்ன நெனைச்சேன்? விசயம் அவ்வளவு பெரிசு, மனுசன் அசந்துட்டாருன்னு நெனைச்சேன். அடுத்த வாரம் படிச்சுக் காட்டினாரு. "படிக்கக் கேட்டேன், சரி." போட்டுட்டேன்.

இப்ப அட்டையில என்ன இருக்குன்னு சொல்றேன். மனப்பாடம் ஆயிருச்சு. "மறைவிடம் தெரியவந்த விதம். கட்சித் தோழர் ஒருவர் தேநீர்க் கடையில் பெருமைக்காகச் சொன்னது. சான்று ஒன்று: அந்தத் தோழரே. சான்று இரண்டு: மு.வே." மு.வே.ன்னா தலைவரு, கண்ணு. தலைவரே சொல்லியிருக்கறாரு. அவரைப் புடிச்ச அன்னைக்கே அந்த பூட்ஸ்காரன் சிரிச்சுட்டே சொல்லிட்டானாமா, "உன்ற பையைத் தூக்கறவன் வாயிலருந்துதான் வந்துச்சு"ன்னு.

அட்டையைத் திருப்பினா பின்னாடி தலைவரு சொன்னதை அப்படியே எழுதி வெச்சிருக்கறாரு. "அவன் மனசுல கள்ளம் இல்லை, பேராசிரியரே. தன்னைப் பெரிய ஆளுன்னு நாலு பேரு நெனைக்கோணும், அவ்வளவுதான். அவன் பேரை எழுத வேண்டாம். நாளைக்கு அவன் பேரன் பேத்தி இதைப் படிக்கும். இந்த ஒரு எடத்துல மட்டும் மறைச்சாப் பத்தாது. வேற எங்கயாச்சும் அவன் பேரு வந்தா, இதையும் யாராச்சும் மோப்பம் புடிச்சுருவாங்க. புஸ்தகத்துல எங்கயுமே வேண்டாம். எனக்குச் சத்தியம் பண்ணுங்க."

பேராசிரியரு சத்தியம் பண்ணியிருக்கறாரு. அதைக் காப்பாத்தியும் இருக்கறாரு. புஸ்தகத்துல அந்த எடம் எப்படி வருது தெரியுங்களா? "மறைவிடம் எப்படியோ போலீசுக்குத் தெரிந்துவிட்டது." இருநூத்தி ஏழாம் பக்கம். அன்னைக்கு பஸ்ஸுல தேடினப்ப அந்த வரியைத் தாண்டித்தான் போயிருக்கறேன். அந்த "எப்படியோ" நான்தான் கண்ணு. நானூத்திப் பன்னெண்டு பக்கத்துல எனக்குக் கெடைச்ச எடம் அந்த ஒரு வார்த்தை.

அழுதுட்டேன். அந்த மேசையிலயே உக்காந்து அழுதுட்டேன். தமயந்தி புள்ள ஓடி வந்துச்சு, காயிதம் நனைஞ்சுருமுன்னு அட்டையை எடுத்து அக்கட்டால வெச்சுட்டு, எனக்குத் தண்ணி குடுத்துச்சு.

எதுக்கு அழுதேன்னு கேப்பீங்க. போலீசுக்குச் சொன்னதுக்கா? இல்ல. அவருக்குத் தெரிஞ்சிருக்கு கண்ணு! எழுபத்தேழுல வெளிய வந்த அன்னைக்கு மாலையோட போயி நின்னேன். "நல்லா இருக்கியா ஆறுச்சாமி"ன்னாரு. பையை எடுக்கக் கை நீட்டினேன். "வேண்டாம், நானே தூக்கிக்கறேன்"னாரு. அதுக்கப்பறம் இருபது வருசம், ஒரு நாளு அந்தப் பையை என்ற கையில குடுக்கல. ஜெயிலுக்குப் போயிட்டு வந்து மனுசனுக்குத் தலைக்கனம் ஏறிப்போச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன். தெரிஞ்சுட்டே என்ற மகன் கண்ணாலத்துக்கு வந்து முன்னாடி உக்காந்திருக்கறாரு. தெரிஞ்சுட்டே என்ற ஊட்டுல மோரு வாங்கிக் குடிச்சிருக்கறாரு. ஒரு வார்த்தை கேட்டாரா? "ஏன்டா நாயே, இப்படிப் பண்ணினே"ன்னு ஒரு அறை உட்டிருக்கலாமில்ல? அறைஞ்சிருந்தா நான் காலுல உழுந்திருப்பேன். அவரு அறையல. மன்னிச்சு, ஒதுக்கி, துடைச்சு வெச்சுட்டாரு. எனக்கு ஒரு வாய்ப்புக்கூடக் குடுக்காமப் போயிட்டாரு. அதைத்தான் துரோகங்கறேன். நான் சொன்னது ஒரு வார்த்தை. அவங்க ரெண்டு பேரும் சேந்து பண்ணினது ஒரு காலம் முழுக்க.

நான் அழுவல. தூசி. இந்த மரத்துல இருந்து உழுவுது.

சரி, இப்ப படிவத்துக்கு வாறேன். இங்க ஒரு வழக்கம் இருக்காமா. பேரில்லாத போட்டோ, பேரில்லாத ஆளு, இதெல்லாம் யாருன்னு தெரிஞ்சவங்க எழுதிக் குடுத்தா அந்தக் கட்டோட சேத்து வெச்சுருவாங்களாமா. அப்பறம் கம்ப்யூட்டர்ல தேடினா அந்தப் பேரு வருமாமா. கேட்டதும் எனக்கு உசுரு வந்துச்சு. குடு சாமி படிவத்தைன்னேன். அந்தப் புள்ள தயங்குது. "ஐயா, மத்த அட்டைகள்ல உங்க பேரு ஏற்கனவே இருக்கு, ஆனா அதை எல்லாம் யாரும் தேடிப் படிக்க மாட்டாங்க. வெள்ளை அட்டையைத்தான் எல்லாரும் கேட்டு வாங்கிப் பாக்கறாங்க. அதுல உங்க பேரைச் சேத்தா அப்பறம் எடுக்க முடியாதுங்க. போயி சாப்பிட்டுட்டு, ரெண்டு மணிக்கு வந்து சொல்லுங்க"ன்னுச்சு.

யோசிக்கறதுக்கு என்ன இருக்கு? எல்லாரும் கேட்டு வாங்கிப் பாக்கறாங்களாமா! நான் சொன்னதை எல்லாம் இப்ப நீங்க காதால கேட்டீங்கல்ல? மஞ்சள்ல எனக்கு எழுபது எடம் இருக்கு, ஒண்ணையும் எவனும் நம்பல. வெள்ளையில ஒரே எடம். அதுல "தோழர் ஒருவர்". எந்தத் தோழர்? ஏன் நான் அனாதையா? எனக்கு அப்பன் ஆத்தா பேரு வெக்கலையா? சனிக்கெழமை பேத்தியைக் கூட்டியாறேன்னு சொல்லியிருக்கறேன். இந்தா பாரு சாமி, உன்ற தாத்தன் பொய் சொல்லலன்னு காட்டோணும்.

தெரியுது, கண்ணு. நீங்க என்ன நெனைக்கறீங்கன்னு மூஞ்சியிலயே தெரியுது. அவ படிப்பா. எல்லாத்தையும் படிப்பா. பின்பக்கத்தையும் திருப்பிப் படிப்பா. படிச்சுட்டு என்னை என்ன கேக்கோணுமோ கேக்கட்டும். ஒருத்தராச்சும் கேக்கட்டும்.

பேனாவை எடுங்க. பேரை நீங்களே தெளிவா எழுதிருங்க, கையெழுத்தை நான் போட்டுக்கறேன். கா. ரா. ஆறுச்சாமி. கா.ன்னா ஊரு, காமநாயக்கன்பாளையம். ரா.ன்னா எங்கப்பன், ராமசாமி. இனிசியலை உட்டுறாதீங்க, எங்க ஊருல ஆறுச்சாமிக நெம்பப் பேரு. "பெருமைக்காகச் சொன்னது"ங்கறதுக்கு நேரா வரட்டும், சரியா அங்கயே.

அக்கட்டால கீழ ஒரு கோடு இருக்குது பாருங்க. அது எனக்கில்ல. எழுதிக் குடுக்கறவன் சொன்னதைக் கேட்டவங்க ஒருத்தரு சாட்சிக் கையெழுத்துப் போடோணுமாமா. அந்தப் புள்ளகிட்டக் கேட்டேன், வேலை பாக்கறவங்க போடக் கூடாதுன்னுருச்சு. அதுக்குத்தான் கண்ணு, உங்க சாப்பாட்டைக்கூட ஆற உட்டு, மொதல்ல இருந்து சொன்னேன்.

ஏன் பேனாவைக் கீழ வெச்சுட்டீங்க? கதவு தெறக்கற சத்தம் கேக்குதுங்க. போடுங்க. நான் சொன்னா ஒருத்தன் சொன்னது. நீங்களும் போட்டாத்தான் ரெண்டு பேரு.